எதிராளிக்கு ஒரு ஸ்டூல்

சரவெடி மரியாதையாகப் பேசத் தொடங்கிய முதல் நாள், பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் பயந்துபோய் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார்கள்.

ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் பதினான்கு வருஷமாகக் கண்டக்டர் வேலை பார்க்கிறவள் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் சரவெடிதான். ஒரு முனையில் பற்றிக்கொண்டால் மறுமுனை வரை வெடித்துத் தீர்த்துவிட்டுத்தான் ஓய்வாள். அப்படிப்பட்டவள் அன்று, எதிர் சீட்டில் காலைத் தூக்கி வைத்திருந்த ஆளின் பக்கத்தில் போய் நின்று, "ஐயா, உங்க காலுக்கு அந்த இடம் வசதியா இருக்கா?" என்று கேட்டாள்.

அந்த ஆள் அவள் முகத்தைப் பார்த்தான். காலை இறக்கினான். செருப்பை மாட்டிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இருந்த அம்மாள் எட்டி டிரைவரிடம், "என்னப்பா, பிரேக் கிரேக் போயிடுச்சா? கண்டக்டரம்மா இப்படிப் பேசறாங்கன்னா எதையோ மறைக்கிறாங்க" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கி, பஸ் கண்ணுக்கு மறையும்வரை ஓரமாகவே நின்றார்கள்.

"வீட்டுப்பாடம் அண்ணே" என்று டிரைவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் சரவெடி. "இன்னைக்கு முழுக்க ஒரு கடுஞ்சொல் சொல்லக் கூடாதாம்."

"இப்ப மணி என்ன?"

"ஆறே கால்."

"ராத்திரி வரைக்கும் தாங்குவியா தங்கச்சி?"

"வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பாருய்யா."

வீட்டுப்பாடம் அத்துடன் முடிந்தது.

பாடம் வந்த கதை இது. காலை ஐந்து பத்துக்கு டிப்போவிலிருந்து கிளம்பும் முதல் பஸ், இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை முதல் ரத்து என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். காரணம்: பயணிகள் இன்மை. கணக்கெடுக்க வந்த அதிகாரி ஏழு மணிக்கு எழுந்து, குளித்து, எட்டு மணிக்கு டிப்போவுக்கு வந்து, ஐந்து பத்து பஸ் நிற்கும் இடத்தைக் கவனமாகப் பார்வையிட்டார். அங்கே யாரும் இல்லை. 'எவரும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்தப் பஸ்ஸில் தினமும் முப்பது பேர் போனார்கள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவர்கள், தரை துடைக்கிறவர்கள், பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள். அந்த முப்பதில் ஐந்து பேர் சிறுநீரக நோயாளிகள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவர்கள். தங்களுக்குத் தாங்களே 'சர்வீஸ் பார்ட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "வண்டி சர்வீஸுக்குப் போகுது" என்று சொல்லிக்கொண்டேதான் பஸ் ஏறுவார்கள். அந்த ஐவரில் ஒருத்தி சரவெடியின் அக்கா.

ஆறு மணிக்கு மிஷினில் படுத்தாக வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்கு அந்த இடம் போய்விடும். அடுத்த பஸ் ஏழு மணிக்கு. சரவெடிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் இடது கையில், ஊசி குத்தும் இடத்தில் விரலை வைத்தால், தோலுக்கு அடியில் கிர்ரென்று ஒரு அதிர்வு ஓடும். "பாத்தியா, எஞ்சின் ஓடுது" என்பாள் அக்கா. தினமும் காலையில் சரவெடி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் பையை மாட்டுவாள்.

ரத்துத் தாளைப் பார்த்ததும் அவள் நேராகப் போய் மேனேஜரின் மேஜையைக் கவிழ்ப்பதாகத்தான் இருந்தாள். டிரைவர்தான் பிடித்து நிறுத்தினார். ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைத்து நிற்கிற உடம்பு, அவரைத் தாண்டிப் போக முடியாது. "மேஜையைக் கவுத்தா உன் வேலை போகும், அப்பவும் பஸ் வராது" என்றார். "யாரோ அமைதி வழியிலே போராடச் சொல்லிக் குடுக்கிறாராம். போய்ப் பாப்போம்."

அந்த யாரோ, டிரை கிளீனிங் கடையின் மாடியறையில் வாரம் மூன்று மாலை வகுப்பு நடத்திவந்தார். எங்கோ நடந்த மூன்று நாள் முகாமில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கியவர். அதை லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையில் ஒரு சின்ன வெண்கல மணி. யார் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் மணியை ஒரு தட்டுத் தட்டி, கண்ணை மூடி, "சாந்தம்… சாந்தம்…" என்பார். அதனால் அவருக்குப் பெயரும் சாந்தம் சார் என்றே ஆயிற்று. மணி பித்தளைதானே என்று துணி துவைக்கும் அம்மாள் கேட்ட ஒரு நாள் மட்டும், சாந்தம் சார் இருபது நிமிஷம் சத்தம் போட்டார்.

அவருடைய பாடத்தில் விதிகள் நிறைய. திட்டினால் பதில் பேசக் கூடாது. முறைத்தால் புன்னகைக்க வேண்டும். எதிராளி கையால் தொட்டால் உடனே உடம்பைத் தளரவிட்டு, துணி மூட்டை மாதிரி தரையில் சாய்ந்துவிட வேண்டும். ஒருவர் சாய்ந்தால் எல்லாரும் சாய வேண்டும். இந்தக் கடைசி விதியில் அவருக்குத் தனிப் பெருமை. கீழே இருந்து இஸ்திரிப் பெட்டியின் ஆவி ஏறிவர, முப்பது பேர் ஒரே நேரத்தில் தொப்பென்று விழுந்து பழகினார்கள். மூன்றாம் நாள் கடைக்காரர் மேலே வந்து, கூரை உதிர்ந்து வெள்ளைச் சட்டைகளில் கொட்டுகிறது என்று கெஞ்சினார்.

ஒத்திகைக்கு ஒரு எதிராளி தேவைப்பட்டது. மேனேஜராக நடித்துத் திட்ட ஆள் வேண்டும். முப்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

சரவெடி அந்த வேலையை உண்மையாகச் செய்தாள். பேக்கரிக்காரரின் மீசையிலிருந்து ஆரம்பித்து, வரிசையில் ஒருவரையும் விடவில்லை. டிரைவரைப் பார்த்து, "உன் உயரத்துக்கு மூளை ஏற இன்னும் ஒரு பஸ் பிடிக்கணும்" என்றாள். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சொந்த அக்காவிடம், "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இவ்வளவு பவுடரா?" என்று கேட்டபோது, அக்கா விதியை மீறாமல் புன்னகைத்தாள். வீட்டுக்கு வந்ததும் பவுடர் டப்பாவை எடுத்து, மிச்சமிருந்ததையெல்லாம் அவள் தலையில் கொட்டினாள்.

ஆனால் இரண்டாவது வாரத்தில் சரவெடிக்கு ஒரு விசித்திரம் புரிந்தது. எட்டு நிமிஷம் வரை திட்டுவது சுகமாக இருந்தது. ஒன்பதாவது நிமிஷம் இடுப்பு வலித்தது. பத்தாவது நிமிஷம் தொண்டை வறண்டது. எதிரே முப்பது பேர் பேசாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எங்கே கண்ணை வைப்பது என்று தெரியவில்லை. நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நிறுத்தினால் தோற்றதாகிவிடுமே. அந்த ஒரே காரணத்துக்காக இன்னும் கால் மணி நேரம் திட்டினாள். கடைசியில் என்ன திட்டுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் சாந்தம் சாரிடம் போனாள். "சார், அன்னைக்கு அந்த மேனேஜருக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சா என்ன?"

"யாருக்கு?"

"எதிராளிக்கு. நின்னுக்கிட்டே இருந்தா பாவம், அவரால நிறுத்தவே முடியாது சார். ரெண்டு வாரமா அவரா இருந்து பாத்துட்டேன்."

சாந்தம் சார் மணியைத் தட்டினார். "எதிராளிக்கு நாற்காலியா? பாடத்திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை அம்மா. நீங்கள் இன்னும் பக்குவப்பட வேண்டும். அன்றைக்கு நீங்கள் கடைசி வரிசை. இன்னொன்று, அந்த விசில் வரக் கூடாது. அது ஒலி வன்முறை."

பதினான்கு வருஷமாகக் கழுத்திலேயே கிடந்த விசில். ஞாயிற்றுக்கிழமை மாலை சரவெடி அதைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள். "நீயே வச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காதே."

அக்கா தன் ஆஸ்பத்திரிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். போர்வை, காலுறை, ஒரு ஆப்பிள், பஸ் நிறுத்தத்தில் உட்கார்வதற்கான மடக்கு ஸ்டூல். விசிலையும் பையில் போட்டாள்.

"அக்கா, நாளைக்கு மட்டும் ஆம்புலன்ஸ் சொல்லிடறேன். அங்கே தகராறு முடிய எவ்வளவு நேரமாகுமோ."

"ஆம்புலன்ஸ்ல போனா நான் நோயாளி. பஸ்ல போனா பயணி. பயணிகள் இல்லைன்னுதானேடி எழுதியிருக்கான்? நான் பஸ்லதான் போவேன்."

"எஞ்சின் நின்னா?"

"நின்னா நீ தள்ளு."

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு டிப்போ முற்றம் ஈரமாக இருந்தது. ஒன்பதாம் நம்பர் பஸ் சுவரோரம் நின்றது. டிரைவர் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். வண்டியை எடுக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி, ஆனால் டிரிப் ஷீட்டில் மேனேஜர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பஸ்ஸும் வாசல் தாண்டாது. ஐந்து பத்துக்குக் கிளம்பினால் ஐந்து நாற்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி. ஐந்து இருபத்தைந்தைத் தாண்டினால் சர்வீஸ் இல்லை.

முப்பது பேரும் பஸ்ஸுக்கு முன்னால் மூன்று வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசை நடுவில் சாந்தம் சார். வெள்ளை உடை, தோளில் குறுக்காக ஒரு நீலத் துண்டு, கழுத்தில் சான்றிதழ். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார். அவருடைய மச்சான் மட்டும் செல்போனோடு வந்திருந்தார். பார்க்கிறவர்கள் மனம் இளக வேண்டும் என்று நோயாளிகளை வலப்பக்கமும் இடப்பக்கமும் அவரே உட்காரவைத்தார். அக்கா ஸ்டூலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "தரை ஜில்லுன்னு இருக்கு சார், உங்க அமைதி" என்றாள்.

ஐந்து ஐந்துக்கு மேனேஜர் வந்தார்.

முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வாரமாக அவர்கள் பழகியிருந்த மேனேஜர், சரவெடியின் மேனேஜர். இடுப்பில் கை, நெருப்புக் கண், வாயைத் திறந்தால் மீசையிலிருந்து ஆரம்பிக்கும் வசவு. வந்தவரோ ஒல்லியாக, தலை வாராமல், சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் தடியோடு ஒரு காவலாளி, அவனும் கொட்டாவி விட்டபடி.

"ஏங்க எல்லாரும் ஈரத்துல உக்காந்திருக்கீங்க?" என்றார் மேனேஜர். "உடம்புக்கு ஆகாதே. எழுந்திருங்கம்மா." முன்வரிசையில் இருந்த அக்காவைத் தூக்கிவிட, குனிந்து கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டார்.

தொட்டாகிவிட்டது.

அக்கா கண்ணைச் செருகி, துணி மூட்டை மாதிரி அப்படியே சாய்ந்தாள். ஒருவர் சாய்ந்தால் எல்லாரும். டிப்போ முற்றத்தில் முப்பது பேர் தொப்பென்று விழுந்த சத்தத்தில், சுவர் மேல் இருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. மாடியறையில்கூட இவ்வளவு ஒழுங்காக விழுந்ததில்லை.

மேனேஜரின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலைங்க. தொட்டேன், அவ்வளவுதான். ஏய், அந்தம்மா பேஷண்டா? மூச்சு இருக்கா பாரு."

காவலாளி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் முப்பது பேரையும் பார்த்தான்.

இந்த வேளைக்காகத்தான் சாந்தம் சார் பிறந்திருந்தார். அவர் மட்டும் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். மச்சானுக்குச் சைகை காட்டினார். "மாண்புமிகு மேலாளர் அவர்களே, அடக்குமுறையின் கரங்கள்…"

"நீங்க டாக்டரா?" என்றார் மேனேஜர்.

"நான்… என்னைத் தெரியவில்லையா?"

"தெரியலைங்க. பேஷண்டா? அப்ப உக்காருங்க, நீங்களும் விழுந்துடாதீங்க. கொஞ்சம் தள்ளுங்க, இந்தம்மாவைப் பாக்கணும்."

திட்டினால் தாங்குவதற்குச் சாந்தம் சார் பழகியிருந்தார். அடித்தால் தாங்குவதற்கும் முகாமில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாரென்றே தெரியாமல் ஓரமாகத் தள்ளினால் என்ன செய்வது என்று மூன்று நாளில் ஒருவரும் சொல்லவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?" என்று கத்தினார். கையில் இருந்ததைத் தரையில் ஓங்கி அடித்தார்.

கையில் இருந்தது மணி. அது தரையில் பட்டு எம்பி, காவலாளியின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் டங்கென்று மோதி, உருண்டு பஸ்ஸுக்கு அடியில் போனது. காவலாளியின் கொட்டாவி பறந்தது. தடி மேலே போனது. அதைப் பார்த்த டிரைவர், தரையில் மூட்டையாகக் கிடந்தவர், ஆறடியும் சேர்ந்து எழுந்து இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். பேக்கரிக்காரர் எழுந்தார். மேனேஜர் பின்வாங்கினார்.

கடைசி வரிசையிலிருந்து சரவெடி ஆட்களைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தாள். ஓர் அடி விழுந்தால் போதும். அப்புறம் போலீஸ், வழக்கு, பூட்டிய வாசல். ஒன்பதாம் நம்பர் இந்த ஜென்மத்தில் ஓடாது. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கழுத்து வெறுமை.

காலடியில், கண்ணை மூடி விதிப்படி கிடந்த அக்காவின் வலது கை மட்டும் மெதுவாக மேலே வந்தது. அதில் விசில் இருந்தது.

சரவெடி ஊதினாள். ஒரே ஒரு நீள விசில்.

ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் போ. அந்த முற்றத்தில் எல்லாருக்கும் வருஷக்கணக்காக உடம்பில் ஊறிய சட்டம் அது. டிரைவரின் வலது கால் காற்றில் பிரேக்கைத் தேடி மிதித்து அப்படியே நின்றது. பணிமனைப் பக்கம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்த வேறொரு பஸ் கிறீச்சிட்டு நின்றது. காவலாளியும் பழைய கண்டக்டர்தான். உயர்த்திய தடி உயர்த்தியபடி நின்றது. சாந்தம் சார்கூட நின்றார். ஒலி வன்முறை என்று சொல்ல அவரிடம் மணி இல்லை.

முதலில் அசைந்தவர் மேனேஜர். பயம் கோபமாக மாறும் நேரம் அது. "யாரு ஊதினது? நீ டிப்போ ஸ்டாஃப்தானே? ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து ரகளையா பண்றே? இன்னைக்கே சஸ்பெண்ட் பண்றேன் பாரு. ஏழு மணிக்கு வேற பஸ் இருக்கில்ல? ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியாதா இவங்களுக்கு?"

சரவெடியின் நாக்கு நுனியில் சரம் தயாராக இருந்தது. முதல் வெடி அந்தப் பொத்தானில் ஆரம்பித்திருக்கும். பின்னால் முப்பது பேரும் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். அப்போது மேனேஜரின் கால்களைப் பார்த்தாள்.

அவர் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். இடதிலிருந்து வலதுக்கு. உதட்டை நக்கிக்கொண்டார். கண் எங்கே போவதென்று தெரியாமல் பஸ்ஸையும் வானத்தையும் பார்த்தது. ஒன்பதாவது நிமிஷம். அதைத் தன் இடுப்பிலேயே உணர்ந்தாள் சரவெடி.

அக்காவின் பக்கத்தில் விழுந்து கிடந்த ஸ்டூலை எடுத்தாள். டக்கென்று விரித்து அவர் முன்னால் போட்டாள்.

"உக்காருங்க சார்."

"எதுக்கு?"

"நின்னுக்கிட்டுக் கத்தினா இடுப்பு போயிடும் சார். ரெண்டு வாரம் நான்தான் நீங்க. எனக்குத் தெரியும்."

மேனேஜருக்குப் புரியவில்லை. ஆனால் கால்களுக்குப் புரிந்தது. உட்கார்ந்துவிட்டார். துணி துவைக்கும் அம்மாள் படுத்தபடியே தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். அவர் மடக்மடக்கென்று பாதியைக் குடித்தார். உட்கார்ந்த பிறகுதான் எதிரே கிடப்பவர்களின் முகங்கள் அவர் கண்ணுக்கு நேரே வந்தன. காவலாளி தடியை இறக்கி, அதையே ஊன்றிக்கொண்டு காலைத் தேய்த்தான்.

மணி ஐந்து பதினெட்டு.

"சார், இது என் அக்கா. ஆறு மணிக்கு மிஷின்ல படுக்கணும். இல்லேன்னா இன்னைக்கு ரத்தம் சுத்தமாகாது. இவங்க அஞ்சு பேருக்கும் அதே கதை. ஏழு மணி பஸ்ல போனா அங்கே இடம் இருக்காது."

"உயிரோடதானே இருக்காங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் மேனேஜர்.

"இருக்கேன்" என்றாள் அக்கா கண்ணைத் திறக்காமல். "இது பயிற்சி."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "ஆர்டர் மேலேருந்து வந்ததும்மா. நான் எப்படி ரத்து பண்ண முடியும்? என் தலையைத்தான் உருட்டுவாங்க."

அந்தப் பத்தாவது நிமிஷத்தில் தனக்கு என்ன வேண்டியிருந்தது என்று யோசித்தாள் சரவெடி. ஜெயிக்க வேண்டியிருக்கவில்லை. தோற்காமல் நிறுத்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"ரத்து பண்ண வேண்டாம் சார். ஆர்டர்ல என்ன காரணம் போட்டிருக்கு?"

"பயணிகள் இன்மை."

"அந்த இன்மையை நீங்க பாத்திருக்கீங்களா?"

மேனேஜர் முற்றத்தைப் பார்த்தார். முப்பது இன்மைகள் ஈரத்தில் கிடந்தன. பேக்கரிக்காரர் கொஞ்சம் கையை ஆட்டினார். மேனேஜரின் கண்ணில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கோப்புகளோடு வாழ்கிறவருக்கு ஒரு விதி ஞாபகம் வரும்போது மட்டும் வருகிற வெளிச்சம்.

"இருங்க, இருங்க. கணக்கெடுப்புக்கும் நேர்ல இருக்கிறதுக்கும் முரண் இருந்தா, நிலைய மேலாளர் நேரடி ஆய்வு செய்யலாம்." குரல் ஏறியது. "ஆய்வறிக்கை சமர்ப்பிக்கிற வரைக்கும்… வரைக்கும்… இருக்கிற சேவை இருக்கிறபடியே தொடரணும். ஆமா. அப்படித்தான் இருக்கு." ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தேவிட்டார்.

"ஆய்வு பண்ணணும்னா பஸ் ஓடணுமே சார்" என்றாள் அக்கா, கண்ணை மூடியபடியே.

"ஓடணும். நான் உள்ளே இருக்கணும்."

"அறிக்கை குடுக்க எத்தனை நாள் சார்?" என்றாள் சரவெடி.

"அதுக்கு விதியில கால வரம்பே இல்லைம்மா" என்றார் மேனேஜர். அந்த மாதத்திலேயே முதல் முறையாகச் சிரித்தார்.

ஐந்து இருபத்து மூன்றுக்கு டிரிப் ஷீட்டில், டிரைவரின் முதுகில் வைத்து, கையெழுத்து விழுந்தது. மூட்டைகள் உயிர்பெற்றன. முப்பது பேரும் சேறும் ஈரமுமாக ஒரே கதவில் ஏறினார்கள். சரவெடி, "வயசானவங்க முதல்ல, இடிக்காதே, ஏய் மீசை, உன்னைத்தான்" என்று பழைய குரலில் அதட்ட, எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. காவலாளி நொண்டியபடி குனிந்து, பஸ்ஸுக்கு அடியிலிருந்து மணியை எடுத்துச் சாந்தம் சாரிடம் கொடுத்தான். "இந்தாங்க சார், உங்க சாந்தம்."

சாந்தம் சார் வாங்கிக்கொண்டார். நீலத் துண்டில் கிரீஸ் படிந்திருந்தது. அவருக்கென்று சரவெடியிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது, அருமையான வாக்கியம். அதை விழுங்கினாள். "படியில நிக்காதீங்க சார். உள்ளே வாங்க" என்றாள். (பின்னால் அவர் வெளியிட்ட துண்டுப்பிரசுரத்தில், 'எதிராளி நாற்காலி' என்ற முறை ஏழாவது பாடமாக, அவருடைய நீண்ட ஆராய்ச்சியின் முடிவாக வெளிவந்தது. சரவெடி அதில் கீரைக்கட்டு சுற்றினாள்.)

ஐந்து இருபத்தைந்து. இரண்டு விசில்.

அந்த ஓட்டத்தைப் பற்றி டிரைவர் இன்றும் தன்னடக்கத்தோடு பேசுவதில்லை. முப்பத்தைந்து நிமிஷ வழி. ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் பஸ்ஸே கைதட்டியது. சிவப்பு விழுந்தபோது முப்பது பேரும் மேனேஜரை முறைத்தார்கள், அவர்தான் போட்டதுபோல. சீட்டெல்லாம் நிரம்பியதால் அவர் நடைபாதையில் அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பேக்கரிக்காரர் மடியில் சாய்ந்தபடி, தலைகளை எண்ணி எழுதினார். மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது.

"ஆய்வு கஷ்டமான வேலை சார்" என்றாள் அக்கா. "நிதானமா, ஒரு பத்து வருஷம் பண்ணுங்க."

ஐந்து ஐம்பத்தேழுக்கு ஆஸ்பத்திரி வளைவு தெரிந்தது. பஸ் நிற்கும் இடத்தில், வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு நீளமான கறுப்பு கார் நின்றது. உள்ளே ஒரு ஆள் சாய்ந்தபடி போனில் சிரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரனை அழுத்தினார். அந்த ஆள் கையை மட்டும் வெளியே நீட்டி, பொறு என்று ஆட்டினார்.

பஸ்ஸில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜரைப் பொத்தச் சொல்லி துணி துவைக்கும் அம்மாள் முழங்கையால் இடித்தாள்.

சரவெடி இறங்கினாள். கார் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். தலையில் ஈரம், கன்னத்தில் சேறு, கண்ணில் ஐந்து ஐம்பத்தெட்டு.

"ஐயா" என்றாள் மிக மென்மையாக. "உங்க காருக்கு அந்த இடம் வசதியா இருக்கா?"

அந்த ஆள் அவள் முகத்தைப் பார்த்தார். போன் மடியில் விழுந்தது. கார் பின்னாலேயே போய் அடுத்த தெரு வரைக்கும் நிற்கவில்லை.

சர்வீஸ் பார்ட்டி ஐந்து பேரும் இறங்கினார்கள். அக்கா படியில் நின்று, இடது கையை நீட்டினாள். சரவெடி விரலை வைத்துப் பார்த்தாள். கிர்ரென்று ஓடியது.

"ஸ்டூல்?" என்றாள்.

"சார் உக்காந்திருக்காருடி. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் நடக்காத வேகத்தில் கண்ணாடிக் கதவுக்குள் போனாள்.

கதவு மூடும்வரை பார்த்துவிட்டு, சரவெடி படியில் ஏறினாள். விசிலை வாயில் வைத்தாள். இரண்டு முறை ஊதினாள்.